ஜே. என். டாடா எண்டோமென்ட் கடன் உதவித்தொகை: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் பணம் புரட்ட வழியில்லாமல் அந்த அனுமதிக் கடிதத்தை மடித்து வைத்துவிட்ட மாணவர்கள் பலரை, மாவட்டத் தலைநகர் ஒன்றின் கல்லூரியில் பாடம் நடத்தும் நான் கண்டிருக்கிறேன். அத்தகையோர் ஆலோசனை கேட்டு வரும்போது நான் முதலில் சொல்லும் பெயர் மும்பையில் இயங்கும் ஜே. என். டாடா எண்டோமென்ட். முதுகலை, முனைவர் பட்டம், அதற்கும் மேற்பட்ட ஆய்வு ஆகியவற்றுக்காக வெளிநாடு செல்லும் இந்தியர்களுக்கு இந்த அறக்கட்டளை கடன் உதவித்தொகை வழங்குகிறது. பெயரில் உதவித்தொகை என்று இருந்தாலும் இது இனாம் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.

ஜாம்செட்ஜி டாடா இதைத் தொடங்கியது 1892இல். தொடக்கத்தில் பார்சி சமூகத்தினருக்கு மட்டுமே என்றிருந்த இந்த உதவி, இரண்டே ஆண்டுகளில் இந்தியர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. முதன்முதலில் இதைப் பெற்ற இருவரும் பெண்கள் என்பதை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன்: பிரேனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் ஆகிய அந்த இருவரும் மருத்துவ மேற்படிப்புக்காகக் கடல் கடந்தவர்கள். 1924ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் காலத்து உயர் ஆட்சிப் பணியான ஐ.சி.எஸ்.இல் சேர்ந்த இந்தியர்களில் ஐவருக்கு இருவர் டாடா உதவியில் படித்தவர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கேரளத்தின் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, 1945இல் இந்த உதவியோடு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்து, 1997இல் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன், அணு இயற்பியலாளர் ராஜா ராமண்ணா, வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உள்ளவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்திக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மண் நுண்ணுயிரியல் படிக்க இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்காக முதலில் ஒரு வங்கிக்குப் போனோம். மேலாளர் அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, நிலத்துக்குப் பட்டா உண்டா என்று கேட்டார். தகப்பனார் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர். மஞ்சள் பையில் மதிப்பெண் பட்டியல்களை வைத்துக்கொண்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

அதன் பிறகே டாடா எண்டோமென்டுக்கு விண்ணப்பித்தாள். மும்பைக் கோட்டைப் பகுதியின் முல்லா ஹவுஸில் உள்ள அதன் அலுவலகத்தில் நேர்காணலை முடித்துக்கொண்டு வெளியே வந்ததும் தொலைபேசியில் அழைத்தாள்: “மேடம், நம்ம ஊர் மண்ணைப் பத்தியே அரை மணி நேரம் கேட்டாங்க. உப்பு ஏறின மண்ணில எந்தப் பாக்டீரியா தாங்கும்னு கேட்டப்ப, எங்க வயலையே உதாரணமாச் சொன்னேன்.” அவள் துறையைக் கற்றறிந்த ஒருவர் எதிரே அமர்ந்து கேட்ட கேள்விகள் அவை. துறை வல்லுநர்களைக் கொண்டு நேர்காணல் நடத்துவதுதான், என் மதிப்பீட்டில், இந்த அமைப்பின் மிகப் பெரிய சிறப்பு. தேர்வானவர்கள் வெளிநாட்டில் நன்றாகப் படித்தால், திருப்பித் தர வேண்டாத பரிசுத் தொகைக்கும் பயணச் செலவின் ஒரு பகுதிக்கும் பரிசீலிக்கப்படுவதும் உண்டு.

கடனாகத் தராமல் முழுவதையும் இலவசமாகவே தந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முதல் தவணையைக் கட்டிய அன்று அந்த ரசீதைப் படமெடுத்து அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். அடுத்து வரும் ஒரு பிள்ளைக்கு இந்தப் பணம் போகும் என்று அதன் கீழே எழுதியிருந்ததைப் படித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நீண்ட காலம் இதன் உச்சவரம்பு 10 லட்சம் ரூபாயாக இருந்தது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஓராண்டுக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் அது போதவே போதாது. என் மாணவியும் மீதித் தொகைக்கு உறவினர்களிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. கட்டணம் குறைந்த நாடுகளுக்குப் போகிறவர்களுக்கே இந்த உதவி முழுப் பயன் தருகிறது. இதைவிட எனக்கு வருத்தம் தருவது, இப்படி ஓர் உதவி இருக்கிறது என்ற செய்தியே பெருநகரக் கல்லூரிகளைத் தாண்டி வராததுதான். எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இதற்கான தாளை ஒட்டுவது இன்றுவரை நான்தான். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகளுக்கு ஆங்கில விண்ணப்பமும் ஒரு மலைப்பாக நிற்கிறது.

பட்டப்படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண்ணும் 45 வயதுக்குள் இருப்பதும் அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் கண்ட தகுதிகள். ஆண்டின் தொடக்க மாதங்களில் விண்ணப்பம் கேட்பது வழக்கமாதலால், டிசம்பரிலேயே இணையதளத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுங்கள். எதைப் படிக்கப் போகிறோம், ஏன் என்பதை விளக்கும் கட்டுரையை முதலில் தமிழில் எழுதி, துறை ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். என் மாணவி நான்கு முறை எழுதினாள், நான்காவதில்தான் அவளுடைய வயல் அந்தக் கட்டுரைக்குள் வந்தது.