காயலான் கடை மைக்ரோவேவில் ஒரு பேட்டரி வெல்டர்: 120 வெல்டு அடித்துப் பார்த்த பிறகு

லித்தியம் செல்களை நிக்கல் பட்டையால் இணைத்து பேட்டரி பேக் கட்ட, பட்டையைச் செல்லோடு நொடியில் உருக்கி ஒட்டும் வெல்டர் வேண்டும். முதலில் ஆன்லைனில் வரும் சின்ன மாஸ்ஃபெட் (கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) போர்டைத்தான் வாங்கினேன், 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓடுவது. இருபது வெல்டு அருமையாக விழுந்தது. அடுத்த வெல்டில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி கரண்டு நிற்கவே இல்லை, நிக்கல் பட்டை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர ஆரம்பித்ததும் கையை இழுத்துக்கொண்டேன். லித்தியம் செல் மேல் நடந்த விஷயம் இது, அதனால் அந்த போர்டை யாருக்கும் சொல்ல மாட்டேன். சால்டரிங்கும் வேண்டாம், ஈயம் ஒட்டுவதற்குள் சூடு செல்லுக்குள் இறங்கிவிடும்.

சரி, நாமே செய்துவிடலாம் என்று காயலான் கடையில் ஒரு பழைய மைக்ரோவேவ் அவன் வாங்கி அதன் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்தேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அதன் செகண்டரியில் (கரண்டு வெளியே வரும் காயிலில்) வருவது ஏறக்குறைய 2000 வோல்ட், பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கலாம், இரண்டுமே ஆளைக் கொல்லும். கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து கழற்றி, செகண்டரி காயிலை அறுத்து வெளியே தள்ளும்வரை அதற்குக் கரண்டே காட்டக் கூடாது. காலியான இடத்தில் தடியான வெல்டிங் கேபிள் 2 சுற்று. அளந்தால் 2 வோல்ட் சொச்சம்தான், ஆனால் ஆம்பியர் நூற்றுக்கணக்கில் பாயும்.

ட்ரான்ஸ்ஃபார்மர் வேலை ஒரு மாலையில் முடிந்துவிட்டது, நேரத்தைத் தின்றது கன்ட்ரோல்தான். ஆர்டுயினோ நானோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), மெயின்ஸ் கரண்டு நுழையும் பிரைமரி காயிலில் ஜீரோ கிராஸ் வகை சாலிட் ஸ்டேட் ரிலே (வோல்டேஜ் பூஜ்ஜியத்தைத் தொடும்போது மட்டும் ஆன் ஆகும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்), கால் பெடல் என்று ஆரம்பித்தேன். பெடலை மிதித்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் 'டொம்' என்று உறுமும், நாலு தடவைக்கு ஒரு தடவை எம்சிபி (கரண்டு அதிகமானால் தானே அணையும் வீட்டு ஸ்விட்ச்) விழும். காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. ட்ரான்ஸ்ஃபார்மரை வோல்டேஜ் பூஜ்ஜியத்தில் இருக்கும்போது ஆன் செய்தால்தான் இழுப்பு மிக அதிகம், உச்சத்தில் ஆன் செய்தால் குறைவு. ரிலேயை எடுத்துவிட்டு, நாம் சொல்லும் நொடியில் ஆன் ஆகும் ட்ரையக் ஸ்விட்சும் அதை இயக்கும் எம்ஓசி3021 சிப்பும் போட்டு, பூஜ்ஜியத்தைக் கண்டதும் 5 மில்லி செகண்ட் காத்திருந்து சுடும்படி நிரலை மாற்றினேன். நமது 50 ஹெர்ட்ஸில் கால் சுற்று அதுதான். அதன் பிறகு எம்சிபி ஒரு முறைகூட விழவில்லை. மைக்ரோகன்ட்ரோலர் எதற்கு, டைமர் ரிலே போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த 5 மில்லி செகண்ட்தான்.

இப்போது 0.15 மி.மீ. நிக்கலுக்கு முதலில் 20 மில்லி செகண்ட், சின்ன இடைவெளி, அப்புறம் 60 மில்லி செகண்ட். முதல் அடியில் பட்டை செல்லோடு படிகிறது, இரண்டாவதில் உருகிப் பிடிக்கிறது. குறடால் உரித்துப் பார்த்தேன்: பட்டை கிழிந்து வந்தது, பொட்டு இரண்டும் செல்லிலேயே நின்றது, பட்டையில் இரண்டு வட்ட ஓட்டை. அப்படித்தான் வர வேண்டும். வெல்டு விழுந்த உடனே விரலை வைத்தேன், லேசான வெதுவெதுப்புதான். சைக்கிளுக்காக 36 வோல்ட் பேக் கட்டினேன், 30 செல், செல்லின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு வெல்டு, மொத்தம் 120. பாசிட்டிவ் முனையைச் சுற்றிய விளிம்பும் நெகட்டிவ்தான் என்பதால் அங்கே காகித வளையம் ஒட்டாமல் ஒரு பட்டையும் வைக்கவில்லை.

பட்டை வாங்குவதில் கவனமாக இருங்கள். 'சுத்த நிக்கல்' என்று ஒரு கடையில் கொடுத்ததைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன், மறுநாள் துரு. நிக்கல் முலாம் பூசிய இரும்பு. இரும்புக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம், லோடு ஏறினால் பட்டை சூடாகும். நல்ல நிக்கல் கிடைத்தால், வெல்டரின் இரண்டு செம்பு முனைகள் படும் இடத்துக்கு நடுவில் வெட்டு உள்ளதாகப் பாருங்கள், கரண்டு பட்டை வழியாகவே குறுக்கே ஓடாமல் செல்லின் உலோகம் வழியாகப் போகும்.

குறை என்றால் கனம். இதைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போக முடியாது, ஒவ்வொரு அடிக்கும் வீட்டு லைட் மங்குகிறது. செம்பு முனை முப்பது வெல்டுக்கு ஒருமுறை கருத்துவிடும், உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஒரே ஒரு பேக் போதும் என்றால் கடையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நாலைந்து கட்டுபவராக இருந்து, மெயின்ஸ் கரண்டில் வேலை செய்த பழக்கமும் இருந்தால் தாராளமாக இறங்கலாம். நான் அடுத்து 0.2 மி.மீ. பட்டைக்கு நேரம் கூட்டிப் பார்க்கப் போகிறேன், பழைய செத்த செல்களில்.