வீட்டுக் கடன்: ஏஜென்ட், வங்கி அதிகாரி, கட்டண ஆலோசகர் – யார் சொல்வதைக் கேட்பது?

போன வருடம் அக்கா தாம்பரம் பக்கம் 50 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்தாள். கடன் 40 லட்சம் வேண்டும். பில்டர் ஆபீஸிலிருந்து வந்த கடன் ஏஜென்ட், சம்பளக் கணக்கு உள்ள வங்கியின் அதிகாரி, கட்டணம் வாங்கும் நிதி ஆலோசகர் என மூன்று பேரிடம் கேட்டோம்.

ஏஜென்ட் வீட்டுக்கே வந்து ஃபார்ம் நிரப்பினார், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார், எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அவருக்குக் கமிஷன் தருவது கடன் கொடுக்கும் வங்கி. "30 வருஷமா போட்டுக்கோங்க மேடம், தவணை லேசா இருக்கும்" என்றார். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 34,713 ரூபாய், 30 வருடத்துக்கு 30,757. மாதம் நாலாயிரம் குறைகிறது, சரி. ஆனால் மொத்த வட்டி 43 லட்சத்திலிருந்து 70 லட்சத்துக்கு மேல் போகிறது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு எந்த வங்கி ஒத்துவரும் என்று அலையாமல் தெரிந்துகொள்ள ஏஜென்ட் உதவுவார். எத்தனை வருடம், எவ்வளவு கடன் என்பதை மட்டும் அவரிடம் விடாதீர்கள்.

வங்கி அதிகாரி வட்டியைத் தெளிவாகச் சொன்னார். ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி விகிதத்தோடு, வட்டி ஏறி இறங்கும் கடன், கையில் காசு வரும்போது முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. இரண்டும் உண்மை. ஆனால் சாங்ஷன் லெட்டரின் (கடன் ஒப்புதல் கடிதம்) நாலாவது பக்கத்தில் 1,20,000 ரூபாய் காப்பீட்டு பிரீமியம் கடனோடு சேர்ந்திருந்தது. கேட்டால் "எல்லாரும் எடுக்கறாங்க" என்ற பதில். கடனில் ஏறிவிட்டால் 20 வருடத்தில் அது இரண்டரை லட்சம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் எடுத்துவிட்டார்கள். 2024 அக்டோபர் முதல் வங்கிகள் தரவேண்டிய முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், இந்த மாதிரிச் செலவெல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்னொன்று: வங்கியின் வக்கீல் பத்திரம் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரத்தையும் உங்கள் வக்கீலிடம் தனியாகக் காட்டுங்கள்.

ஆலோசகர் முதலில் கடனைப் பற்றியே பேசவில்லை. சம்பளச் சீட்டு, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் ரசீது எல்லாவற்றையும் மேஜையில் பரப்பச் சொன்னார். 30 முதல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். ஆக 10 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். அதையெல்லாம் கட்டினால் அக்காவின் சேமிப்பு அப்படியே காலி. "ஆறு மாசம் சம்பளம் வராட்டி தவணைக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார். மற்ற இருவரும் கேட்காத கேள்வி. ஃபீஸ் கொடுப்பது நாம் என்பதால் 'இந்த வீடு வேண்டாம்' என்று சொல்லவும் அவரால் முடிந்தது. ஆனால் ஆலோசகர் என்று போர்டு மாட்டியவரெல்லாம் இப்படி இல்லை. செபியின் (முதலீட்டு ஆலோசகர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா, வேறு எங்கிருந்தாவது கமிஷன் வருகிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அக்கா அந்த ஃபிளாட்டை விட்டுவிட்டாள். எட்டு மாதம் கழித்து கூடுவாஞ்சேரியில் 42 லட்சத்துக்கு வாங்கினாள், 20 வருடக் கடன், அதே வங்கியில் நேராகப் போய்.