செட்டிநாட்டு வீடுகளைக் காட்ட ஆங்கிலச் சொற்கள்: ஆன்கி செயலியோடு என் அனுபவம்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நான் வழிகாட்டி. பேச்சு ஆங்கிலம் தடையில்லாமல் வந்துவிடும். ஆனால் முகப்பு, வளவு, நிலைக்கதவு எல்லாவற்றுக்கும் ‘பியூட்டிஃபுல்’ என்றே சொன்னால் அந்த வீட்டுக்கு மரியாதையாக இருக்காது. அதற்காகத்தான், சொற்களை அட்டைகளாக்கித் திரும்பத் திரும்பக் காட்டி நினைவில் நிறுத்தும் ஆன்கி செயலிக்குப் போனேன். சில வருடங்களாகத் தினமும் காலையில் காப்பியோடு அதுதான்.

அட்டையைப் பார்த்துப் பதிலை நாமே நினைவுபடுத்த வேண்டும். சரியாக வந்தால் அந்த அட்டை சில நாள் கழித்து, அப்புறம் சில வாரம் கழித்து என்று தள்ளித் தள்ளி வரும். தடுமாறினால் உடனே திரும்பி வந்துவிடும். 1885-இல் ஜெர்மானியரான எபிங்ஹாஸ் மறதியை அளந்து எழுதியதிலிருந்து வளர்ந்த முறை இது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு கொடுக்க வேண்டும்.

யாரோ தயாரித்த சொற்பட்டியலை இறக்கிக்கொள்ளலாம்தான். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சொல், ஒரு பொருள் என்று படித்தது தேர்வில் கைகொடுக்கும், பேசும்போது வாயில் வராது. என் அட்டைகளில் நானே எடுத்த படங்கள் இருக்கின்றன. நிலையில் செதுக்கிய கஜலட்சுமியை நெருக்கத்தில் எடுத்த படத்துக்கு ‘இன்ட்ரிகேட்’, அதாவது நுணுக்க வேலை. அலங்காரம் நிறைந்த முழுக் கதவுக்கு ‘ஆர்னேட்’. பர்மா தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் கூடத்துக்கு, செல்வச் செழிப்பைச் சொல்லும் ‘ஆப்யுலன்ட்’. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரின் பளபளப்புக்கு ‘லஸ்ட்ரஸ்’. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வாக்கியம், சொல் வர வேண்டிய இடம் காலி. பின்பக்கம் சொல், பொருள், உச்சரிப்பு ஒலி. ஒன்றுபோலத் தெரியும் சொற்கள் இப்படித்தான் எனக்குத் தனித்தனியாகப் பிரிந்தன. இப்போது கதவு முன்னால் நின்றதும் சொல் தானாக வருகிறது, அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு நாளைக்கு 20 புதுச் சொல் என்று செயலியே வைத்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அதிகம், முதல் நாளே 5 ஆக்கிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் கூட்டம் அலைமோதும்போது புதுச் சொல்லைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பழையதை மட்டும் பார்ப்பேன். அமைப்புகள் பக்கம் குழப்பமானது, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை சரிசெய்துகொண்டால் போதும்.

அடுத்த மாதமே தேர்வு வைத்திருப்பவர்களுக்கு இது சரிப்படாது. ஆறு மாதமாவது கையில் இருந்தால் தாராளமாகத் தொடங்கலாம்.