அப்பா சரி சொன்ன விடுதி

அஸ்தம்பட்டி பக்கம் என் தங்கை இரண்டு வருடமாகத் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியைப் பற்றி எழுதுகிறேன். மகளைக் கீழே சேலத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் மலைக்காரர்களுக்கு உதவும்.

எங்கள் ஊர் ஏற்காட்டையும் தாண்டி உள்ளே. நான் கோரிமேடு அரசு மகளிர் கலைக் கல்லூரியில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், ஏற்காடு பஸ் அந்த வழியாகப் போகும் என்பதுதான். என்ன படிக்கப் பிரியம் என்று யாரும் கேட்கவில்லை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்றுதான் கேட்டார்கள். என்னைவிடக் குறைந்த மார்க் வாங்கிய பெரியப்பா மகன் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டினான், வீட்டில் ஒரு பேச்சு எழவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

தங்கைக்கு ஜியாலஜி மேல் உயிர். சேர்வராயன் மலையின் பாக்ஸைட் கல்லைச் சின்ன வயசிலேயே டப்பாவில் சேர்த்து வைத்தவள். செர்ரி ரோடு அரசு கலைக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் பையன்களும் படிக்கிற கல்லூரி, அதோடு பாறை பார்க்க வெளியூர் போக வேண்டிய படிப்பு. அப்பா அசையவில்லை.

கடைசியில் இந்த விடுதியைப் பார்க்க வந்தார். அறைக்குள் போகும் முன் குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், அப்புறம் பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரைக்கும் தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டே நடந்தார். வார்டன் அக்கா சொன்னது இதுதான்: "ஏழு மணிக்குள்ள வந்துடணும்ண்ணே. காலேஜ்ல கூட்டிட்டுப் போனா லெட்டரைக் காட்டட்டும், எந்நேரமானாலும் நான் கேட்டைத் தொறப்பேன்." சொன்னபடியே செய்தார். போன மார்கழியில் இவள் இரவு பதினொன்றுக்கு வந்தபோது டார்ச்சோடு வாசலில் நின்றிருக்கிறார், தட்டு போட்டு மூடிய உப்புமாவும் எடுத்து வைத்திருக்கிறார்.

குறையும் உண்டு. மூன்று பேர் அறையில் நான்கு பேர், காலையில் தண்ணீருக்கு அடிதடி. ஏழு மணிக் கெடுவால் நூலகத்திலிருந்து பாதியில் எழுந்து வரவேண்டியிருக்கிறது, பையன்களுக்கு அந்தக் கவலையே இல்லை. சாப்பாட்டோடு மாதம் 5,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் 1,000 அதற்கே போகிறது.

அடுத்து எம்.எஸ்சி.க்குச் சென்னை போகவேண்டும் என்கிறாள். அப்பா இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை, அங்கே விடுதி எப்படி என்று என்னை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.