ஜிசிசி மூலநிரல் பொதி: பிழைச்செய்தி காட்டும் இடம் வேறு, பிழை இருக்கும் இடம் வேறு

எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரின் மூலநிரல் பொதி வேலையில் கெட்டி, பேச்சில் மட்டம். மூலநிரலிலிருந்து கம்பைலரைக் கட்டும்போது ஏதேனும் ஒன்று குறைந்தால் உடனே நின்றுவிடுகிறது என்றாலும், அது சொல்லும் காரணத்துக்கும் உண்மையான காரணத்துக்கும் பல வேளைகளில் தொடர்பே இருப்பதில்லை.

லிப்ஜிசிசி என்னும் துணை நிரலகப் பகுதியை அமைக்கும்போது, ‘ஆப்ஜெக்ட் கோப்புகளின் (மூலக்கோப்பைக் கம்பைலர் மாற்றித் தரும் இடைநிலைக் கோப்புகளின்) பின்னொட்டைக் கணிக்க முடியவில்லை’ என்று ஒரு செய்தி வரும். படிப்பவர் கோப்புப் பெயரில் ஏதோ கோளாறு என்றே எண்ணுவார். பெரும்பாலும் நடந்திருப்பது, அப்போதுதான் கட்டி முடிந்த புதிய கம்பைலர், தனக்குத் தேவையான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய கணித நிரலகங்களுள் ஒன்று இயங்கும் நேரத்தில் அகப்படாமல் விழுந்திருப்பதுதான். அந்த விவரம் லிப்ஜிசிசியின் உட்கோப்புறையிலுள்ள கான்ஃபிக் லாக் என்னும் பதிவுக் கோப்பில் இருக்கும். மேல்மட்டத்தில் அதே பெயரில் இருக்கும் கோப்பைப் புரட்டிப் பயனில்லை. கான்ட்ரிப் கோப்புறையில் உள்ள ‘டவுன்லோட் ப்ரீரெக்விசிட்ஸ்’ ஸ்கிரிப்டை முதலிலேயே ஓட்டிவிட்டால், இந்நிரலகங்களும் ஜிசிசியோடு சேர்ந்தே கட்டப்பட்டு, இத்தொல்லை எழாது. இவ்வளவு எளிய வழியைத் தானாகவே நடக்கும்படி ஏன் வைக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மூலநிரல் கோப்புறைக்கு வெளியே தனிக் கோப்புறையில் கட்ட வேண்டும் என்று ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. கட்டுமானம் தோற்றால் அக்கோப்புறையை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குவதே மேல். 64 பிட் லினக்ஸில் ‘ஸ்டப்ஸ்-32’ என்னும் தலைப்புக் கோப்பு இல்லை என்று நின்றால், 32 பிட் தேவைப்படாதவர், 64 பிட்டோடு 32 பிட்டுக்கும் நிரலகங்களைக் கட்டும் மல்டிலிப் வசதியை முடக்கிவிடலாம். ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைலர் மடிந்தால், அனேகமாக நினைவகம் தீர்ந்திருக்கும். கட்டுமானத்தை நடத்தும் ‘மேக்’ கருவி ஒரே நேரத்தில் நடத்தும் பணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பல பணிகள் சேர்ந்து ஓடும்போது முதற்பிழை கடைசி வரியில் இருப்பதில்லை, வெகுதூரம் மேலே புதைந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் இப்பொதியை நான் பரிந்துரைப்பது, அதன் மூன்று கட்டக் கட்டுமானத்துக்காகவே. கணினியில் ஏற்கெனவே உள்ள கம்பைலர் ஜிசிசியைக் கட்ட, அந்த ஜிசிசி தன்னையே மீண்டும் கட்ட, அவ்வாறு பிறந்தது மூன்றாம் முறையாகக் கட்டுகிறது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒத்துப்போகாவிட்டால், ஒப்பீடு தோற்றதாக அறிவித்து வேலையை நிறுத்திவிடுகிறது. பூட்ஸ்ட்ராப் எனப்படும் இந்த மூன்று கட்ட முறையை முடக்கி இந்தச் செய்தியை வராமல் செய்வோர் உண்டு. பழைய கம்பைலரோ புதியதோ பிழையான நிரலை உருவாக்குகிறது, அல்லது நினைவகச் சில்லு பழுதாகியிருக்கிறது என்ற எச்சரிக்கையை அவர்கள் இழந்துவிடுகிறார்கள். வேறொரு பதிப்பு கம்பைலரைக் கொண்டு முதல் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கிப் பார்ப்பதே முறை.