தேக்கா நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மஞ்சள் கேப்சூல்

எனக்கு ஒன்பது வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலில் புண். ரத்தமும் சளியுமாகப் போகும் நாட்களில் சிங்கப்பூர் ஈசூனில் ரயில் ஏறினால், அடுத்த கழிப்பறை எந்த நிலையத்தில் என்பதே மனதில் ஓடும். குடல் புண்ணை அடக்கும் மெசலசீன் மாத்திரைதான் என்னை வேலைக்குப் போக வைக்கிறது.

மஞ்சளில் இருக்கும் குர்குமினையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டேன். "சாப்பிடலாம், ஆனால் மெசலசீனை நிறுத்தக்கூடாது. வாங்கும் டப்பாவைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்றார். அப்புறம்தான் பஃபலோ ரோடு பக்கத்தில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன்.

கல்லாவில் இருந்த அக்கா கேட்ட முதல் கேள்வி: "வேற என்ன மாத்திரை எடுக்கிறீங்க? ரத்தம் உறையாம இருக்க ஏதாவது?" மிளகுச் சாறு சேர்த்த டப்பாவை அவரே ஒதுக்கி வைத்தார். மிளகு மற்ற மருந்துகளும் உடம்பில் ஏறும் அளவை மாற்றிவிடுமாம். சிங்கப்பூரில் இந்த மாதிரி துணை உணவுகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. அதனால் இப்படிக் கேட்கும் ஆள் எனக்கு முக்கியம். முன்பு வேறொரு கடையில், இலையை முழுதாக அரைத்த கற்றாழைச் சாற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் கையில் கொடுத்தார்கள். கற்றாழைத் தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிறப் பால் பேதி மருந்து. மூன்று நாள் படுத்த படுக்கை.

சரி, கேப்சூலுக்கு வருகிறேன். ஒன்றில் 500 மில்லிகிராம் குர்குமின், டப்பாவுக்கு 60, விலை 38 வெள்ளி. 2006இல் ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான மருந்தோடு காலையில் ஒரு கிராம், மாலையில் ஒரு கிராம், ஆறு மாதம். கணக்கில் எடுத்துக்கொண்ட 82 பேரில், குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. அதே அளவுக்கு நான் தினம் நான்கு கேப்சூல் எடுக்கிறேன். மாதம் இரண்டு டப்பா, 76 வெள்ளி. கை கடிக்கத்தான் செய்கிறது. மஞ்சள் பால் குடித்தால் போதாதா என்றாள் அம்மா. சமையல் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான் இருக்கும். இரண்டு கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேல் தூள் வேண்டும், யாரால் முடியும்?

ஏழு மாதமாக ரத்தம் இல்லை. மெசலசீனும் சாப்பிடுவதால் நல்ல பெயரைக் கேப்சூலுக்கு மட்டும் கொடுக்க மாட்டேன். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், சாப்பிட்டபின் எடுங்கள்.

ஞாயிறு மாலை போகாதீர்கள், கூட்டத்தில் அக்காவிடம் பேசவே முடியாது. வார நாளில் காலை போனால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, உங்கள் மருந்துச் சீட்டை முழுதும் படித்துவிட்டுத்தான் டப்பாவை எடுப்பார்.