புதியவர்களை வரவேற்கும் விதம்: ஜூலிப் சமூகத்தில் சில ஆண்டுகள்

ஓப்பன் சோர்ஸுக்குள், அதாவது மூல நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள் உலகுக்குள், நுழைய விரும்பும் மாணவர்களிடம் பலரும் சொல்வது ஒன்றுதான்: "கிட்ஹப்பில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' தேடு, ஒன்றை எடுத்துச் செய்." கிட்ஹப் என்பது நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்; இஷ்யூ என்பது அங்கே பதிவாகும் பிழை அல்லது வேலை, 'குட் ஃபர்ஸ்ட்' என்றால் புதியவருக்கு ஏற்றது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு திட்டத்துக்கு அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) மாதக்கணக்கில் யாரும் பார்க்காமலே கிடந்தது. வேலை எளிதா என்பதைவிட, சந்தேகம் வந்தால் எங்கே கேட்பது, யார் பதில் சொல்வார்கள் என்பதுதான் புதியவருக்கு முக்கியம். அந்த வகையில் நான் தைரியமாகப் பரிந்துரைப்பது ஜூலிப்.

இது 2015-இல் ஓப்பன் சோர்ஸ் ஆன அரட்டைச் செயலி. சர்வர் பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற வலைக் கட்டமைப்பில் எழுதப்பட்டது. சமூகமும் இதே செயலியில்தான் பேசிக்கொள்கிறது. புதியவர்கள் அறிமுகம் செய்துகொள்ள ஒரு சேனல், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவி பற்றிய சந்தேகங்களுக்கு ஒன்று, நிறுவலில் சிக்கினால் இன்னொன்று. ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ் போவதால், இரவில் கேட்டுவிட்டுத் தூங்கினாலும் கேள்வி பேச்சு வெள்ளத்தில் காணாமல் போவதில்லை. பல சேனல்களை லாகின் செய்யாமலே படிக்கலாம். கூச்சப்படும் மாணவர்களுக்கு இது பெரிய உதவி. மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள், எப்படிப் பதில் வருகிறது என்று நாலு நாள் பார்த்துவிட்டு அப்புறம் வாய் திறக்கலாம்.

கேள்விகளைத் தனிச் செய்தியில் அனுப்பாமல் பொதுவில் கேட்கச் சொல்கிறார்கள். சீனியரிடம் மட்டும் "அண்ணா, இது சரியா?" என்று கேட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு முதலில் இது கஷ்டம்தான். ஆனால் ஒருவருக்குக் கிடைத்த பதில் அடுத்து வருபவருக்கும் பயன்படுகிறதே, அதற்காகவாவது இந்தப் பழக்கம் வர வேண்டும்.

ஒரு இஷ்யூவை எடுத்துக்கொள்ள ஜூலிப்பாட் என்ற தானியங்கி நிரலிடம் சொன்னால் போதும். புதியவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். தொடாமல் வைத்திருந்தால் நினைவூட்டும், அப்புறம் விடுவித்துவிடும். இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடிக்கும். அக்டோபரில் ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பவர்களுக்கு டி-ஷர்ட் தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-இல் அந்த டி-ஷர்ட்டுக்காகக் குவிந்த வெற்றுப் புல் ரிக்வெஸ்ட்டுகளால் பராமரிப்பாளர்கள் திணறினார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் கணக்கில் வரும் என்று அக்டோபர் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. கற்றுத்தராமல் ஆட்களை அழைத்தால் அந்தச் சுமை பராமரிப்பாளர் தலையில்தான் விழும்.

ஜூலிப்பில் கஷ்டங்களும் உண்டு. 4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில், மெய்நிகர் கணினியை அமைத்துத் தரும் வேக்ரண்ட் வழியாக அதை நிறுவுவது திண்டாட்டம். கல்லூரி லேப் கிடைத்தால் அங்கே முயலலாம். அடுத்தது கமிட் (கிட்டில் பதிவுசெய்யும் மாற்றம்) ஒழுங்கு: ஒரு கமிட்டில் ஒரு மாற்றம், தெளிவான விளக்கம். திரும்பத் திரும்பத் திருத்தச் சொல்வார்கள். சிலர் சோர்ந்து விலகியதையும் பார்த்திருக்கிறேன். தாக்குப்பிடித்தவர்கள் வேறு எந்தத் திட்டத்துக்குப் போனாலும் தயங்குவதில்லை.

எவ்வளவு நல்ல ஆவணமும் நேரத்தையும் பணத்தையும் தராது. பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் பெண்ணிடம் சும்மா வந்து பங்களி என்று எப்படிச் சொல்வது? அப்படிப்பட்டவர்களுக்கு அவுட்ரீச்சி என்ற, உதவித்தொகை தரும் பயிற்சித் திட்டத்தைச் சொல்வேன். லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருளை உருவாக்கும் நோம் திட்டம் 2006-இல் பெண்களுக்காக நடத்திய கோடைத் திட்டத்தில் அதன் வேர் இருக்கிறது. மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 டாலர் தருகிறார்கள். தேர்வுக்கு முன்பே திட்டத்துக்கு ஏதாவது பங்களித்துக் காட்ட வேண்டும், அங்கே ஜூலிப்பில் பழகியது கைகொடுக்கும்.

கோட் எழுத வராதவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஜூலிப்பின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் நடக்கிறது, பிரவுசர் இருந்தால் போதும்.